எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம்!



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். வேலையில்லாத் திண்டாட்டம், வரதட்சணை, அறிவியல் ஆக்கமா அழிவா... இதெல்லாம் போன வருடமே எழுதியாகி விட்டது. நான் "பழைய துப்பாக்கி கேட்டலாக் பற்றி எழுதறேன்" என்றதும் மலர்க்குழு நண்பர் முகம் மாறிப் போனது. "ஏப்பா, போலீஸ் கேஸ் கீஸ் ஆயிராதல்ல?" என்றார். ஆகாது. ஏனென்றால் இந்தக் கதையில் நான் தொட்டது காகிதத்தை மட்டும்தான். துப்பாக்கி கடைசி வரை லைசென்ஸ்காரர் கையிலேயே இருந்தது.

சொல்ல வந்தது இதுதான். நம் வீடுகளிலும் ஒர்க் ஷாப்புகளிலும் டிபார்ட்மெண்ட் அலமாரிகளிலும் கிடக்கிற பழைய கேட்டலாக்குகளைக் குப்பை என்று நினைத்து எடைக்குப் போட்டு வருகிறோம். அது தப்பு. ஏன் தப்பு என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு துப்பாக்கி. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தோட்டம். எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) அந்தத் தோட்டத்தில்தான் ஆயுசு முழுக்க வேலை செய்தார். அவர் வாலிபத்தில் அந்த வீட்டுப் பெரியவர்கள் வேட்டைக்குப் போவார்களாம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் நடந்த சங்கதி இது. அப்பாருவின் வேலை, பத்துப் பேரோடு சேர்ந்து தகரம் தட்டிக் கொண்டே புதருக்குள் போய் மிருகத்தைக் கிளப்பி விடுவது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்ததும் உண்டு. சுட்டது கிடையாது.

போன தைப்பொங்கலுக்கு அப்பாருவோடு நானும் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்துக்காரர் என்னைப் பார்த்து, "ஏப்பா, டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கறயாமா? உங்கொப்பன் பட்டறையில லேத்து ஓட்டறவன். நீ இங்கிலீசு படிச்சவன். இதுல என்ன எழுதியிருக்குதுன்னு சொல்லு பாக்கலாம்" என்று உள்ளே போய் ஒரு துப்பாக்கியைக் கொண்டு வந்தார். இரட்டைக் குழல். வெளியே இரண்டு குதிரைகள். குழல்களுக்கு நடுவே உள்ள பட்டையில் தேய்ந்து போன ஆங்கில எழுத்துக்கள். லண்டன் என்ற ஒரு சொல்லை மட்டும் படித்தேன். மற்றது முத்திரைகள், எண்கள்.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் சிரித்து விட்டார். கெட்ட சிரிப்பு இல்லைதான். ஆனால் அப்பாரு தலையைக் குனிந்து கொண்டார் பாருங்கள், அது எனக்குத் தாங்கவில்லை. எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் படிக்கிறவன் நான். பத்தாவதுக்கு மேல் இரண்டரை வருடம் படித்தும், கண் முன்னால் இருக்கிற ஒரு இரும்புச் சாமானைப் பார்த்து 'இது என்ன' என்று சொல்லத் தெரியவில்லை.

அவர் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. பழைய தோட்டா ஒரு பெட்டி அவருக்கு யார் மூலமாகவோ கிடைத்திருந்தது. காட்டுப்பன்றி தொல்லை வேறு. துப்பாக்கி பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. "ஒரு நாளைக்கு வெடிச்சுப் பாக்கோணும்" என்று சொல்லிக் கொண்டிருந்தார். நினைவில் வையுங்கள், இதுதான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

கிளம்பும் போது திண்ணையில் பழைய பேப்பர் கட்டு ஒன்று, எடைக்குப் போடுவதற்காகச் சணலில் கட்டி வைத்திருந்தார்கள். பஞ்சாங்கம், நோட்டு, வாரப் பத்திரிகை... நடுவில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று. அட்டை இல்லை. முன்னால் இருபது முப்பது பக்கமும் இல்லை. செல்லரித்தது போக மீதியில் துப்பாக்கிப் படங்கள்! பல கம்பெனிச் சரக்கையும் சேர்த்து விற்கிற ஏதோ பெரிய சீமைக் கடையின் விலைப்பட்டியல். "இதை நான் எடுத்துக்கட்டுங்களா?" என்றேன். "எடுத்துக்கடா, எடைக்குப் போட்டா எத்தன ரூவா வந்துரும்?" என்றார்.

அந்தக் காலத்தில் இங்கே இருந்த துரைமார்களும் வசதியானவர்களும் கடைக்கு நேரில் போய்ச் சாமான் வாங்கியது குறைவு. கேட்டலாக்கைப் பார்த்துத்தான் ஆர்டர். ஆர்மி அண்டு நேவி ஸ்டோர்ஸ் என்று 1871-இல் லண்டனில் ஆரம்பித்த ஒரு கூட்டுறவுக் கடை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை வைத்திருந்தது. அதன் 1907-ஆம் வருடக் கேட்டலாக்கைப் பிற்காலத்தில் புத்தகமாகவே மறுபதிப்புப் போட்டார்கள். துப்பாக்கி முதல் தேயிலை வரை அதில் இருக்கும். சில கம்பெனிகள் ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் ஒரு தந்திச் சொல் அச்சிட்டிருப்பார்கள். தந்தியில் வார்த்தைக்குக் காசு என்பதால், அந்த ஒரு சொல்லை அடித்தால் போதும், இந்த மாடல், இந்த அளவு, இந்தப் பெட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். நம்ம ஊர் பார்ட் நம்பருக்குத் தாத்தா!

சரி. என் கையில் இருப்பது எந்த வருடத்துக் கேட்டலாக்? அட்டையே இல்லையே! இங்கேதான் எனக்கு ஆர்வம் பிடித்தது. கேட்டலாக் தன் வயதைத் தானே சொல்லி விடும், உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று பார்த்தால் போதும். என் புத்தகத்தில் .375 பெல்டட் தோட்டா இருந்தது. ஹாலந்து அண்டு ஹாலந்து கம்பெனி அதைக் கொண்டு வந்தது 1912-இல். ஆகவே புத்தகம் அதற்கு முந்தியது அல்ல. அதே கம்பெனி 1925-இல் விட்ட .300 அதில் இல்லை. ஆகவே 1925-க்கு முந்தியதாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். இருப்பது சாட்சி, இல்லாதது அரைச் சாட்சிதான். கடைக்காரன் அந்தச் சரக்கை எடுக்காமலே விட்டிருக்கலாம் அல்லவா?

இன்னொரு தடயமும் இருந்தது. .465, .470, .475 என்று ஒட்டி ஒட்டி மூன்று அளவுகள். ஏன் இப்படி அரைகுறை அளவுகள்? காரணம் நம் நாட்டுச் சட்டம். ராணுவத்தின் மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் தோட்டா .450 குண்டு போட்டது. அந்தக் குண்டு கலகக்காரர்கள் கைக்குப் போய் விடும் என்று பயந்த வெள்ளை அரசாங்கம் 1907 வாக்கில் இந்தியாவுக்குள் .450 துப்பாக்கிகளையே தடை செய்தது. உடனே லண்டன் கம்பெனிகள் எல்லாம் தடைக்குப் பக்கத்திலேயே, ஆனால் தடைக்குள் வராமல், புது அளவுகளைச் செய்து இந்தியாவுக்கு விற்க ஆரம்பித்து விட்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் ராணுவ அளவான .303 பொதுமக்களுக்குக் கிடையாது என்பதால்தான் கல்கத்தா பக்கத்து இசாப்பூர் தொழிற்சாலை .315 என்ற தனி அளவில் வேட்டைத் துப்பாக்கி செய்தது. ஒரு அளவைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு அரசாணை தெரிகிறது. நம் டிராயிங் வகுப்பில் இதைச் சொல்லித் தந்திருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

இரண்டாம் முறை நானே தோட்டத்துக்குப் போனேன். இந்தத் தடவை ஒரு வெர்னியரும் (அப்பாவுடையது) கால்குலேட்டரும் எடுத்துப் போயிருந்தேன். "உங்க லைசென்ஸ் புஸ்தகத்துல என்ன போட்டிருக்குதுங்க?" என்று கேட்டேன். எடுத்துக் காட்டினார். என்றோ யாரோ ஒரு எழுத்தர் பேனாவால் '500 போர்' என்று எழுதியிருந்தார்.

நண்பர்களே, 'போர்' என்பது மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டையாகப் பிடிக்கிறோமோ அந்த எண்ணிக்கை. 12 போர் என்றால் ஒரு பவுண்டுக்கு 12 உருண்டை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 453.6 கிராமை 12-ஆல் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34. கன அளவு 3.33 கன சென்டிமீட்டர். விட்டம் 18.5 மி.மீ. குழலின் உள்விட்டம் அதுதான். எண் பெரிதானால் குழல் சிறிதாகும். அப்படியானால் 500 போர்? ஒரு பவுண்டு ஈயத்தில் ஐந்நூறு உருண்டை! விட்டம் 5.3 மி.மீ. திருவிழாவில் பலூன் சுடுகிற ஏர்கன் குண்டை விடக் கொஞ்சம் பெரிசு. இதை வைத்து ஆனையைச் சுட்டதாக அந்த வீட்டில் கதை சொல்கிறார்கள்!

விஷயம் வேறொன்றும் இல்லை. ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தது. அது .500. அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. அவர் குழல் வாயை நீட்ட, வெர்னியரை வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய அதேதான். ஒரு புள்ளியால் ஆனைத் துப்பாக்கி ஏர்கன் ஆகிப் போனது. தோட்டத்துக்காரர் வாய் விட்டுச் சிரித்தார். இந்தத் தடவை அப்பாருவும் சிரித்தார்.

அடுத்ததுதான் சிரிப்பு இல்லாத விஷயம்.

தோட்டாப் பெட்டியைக் காட்டச் சொன்னேன். மேல் லேபிளில் '.500 கார்டைட், 3 அங்குலம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. "பாத்தயா, .500-தான். அளவு சரியாத்தான இருக்குது?" என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து கேட்டலாக்கின் தோட்டாப் பக்கத்தைப் பார்த்த போதுதான் வயிற்றைக் கலக்கியது. அதில் .500 ஒன்று அல்ல, இரண்டு! ஒரு வரியில் கறுப்பு மருந்து எக்ஸ்பிரஸ். மறு வரியில் கார்டைட். இரண்டுக்கும் கூடு மூன்று அங்குலம். கறுப்பு மருந்துத் தோட்டாவில் லேசான குண்டு. கார்டைட் தோட்டாவில் 570 கிரெயின், அதாவது கிட்டத்தட்ட 37 கிராம் குண்டு, 80 கிரெயின் கார்டைட்.

புரிகிறதா? கூட்டின் உருவம் ஒன்றே. அதனால் கார்டைட் தோட்டா கறுப்பு மருந்துத் துப்பாக்கிக்குள் ஜம்மென்று நுழையும். நுழையாமல் இருந்தால் பிழைத்தோம். நுழைவதுதான் ஆபத்து!

கறுப்பு மருந்து என்பது நம் வெடிமருந்துதான். வெடியுப்பு, கரி, கந்தகம். அதன் அழுத்தம் ஒரு அளவோடு நிற்கும். கார்டைட் 1889 வாக்கில் வந்த புகையில்லா மருந்து. (நமக்குப் பக்கத்தில், நீலகிரி அரவங்காட்டில், 1903-இல் ஏற்பட்ட தொழிற்சாலை இந்தக் கார்டைட் பெயரில்தான் இருந்தது.) கொஞ்சம் போட்டாலே அழுத்தம் மிக அதிகம். கறுப்பு மருந்துக்கு என்று கணக்குப் பண்ணிய குழல் சுவரில் இந்த அழுத்தம் போனால் என்ன ஆகும்? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் உருளையின் வளைவுத் தகைவு படித்தோமே, அழுத்தம் இன்டு விட்டம், கீழே இரண்டு இன்டு சுவர் கனம். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிய சூத்திரம். அன்றைக்கு ராத்திரி அந்தச் சூத்திரத்தில் 'சுவர் கனம்' என்பதற்குப் பக்கத்தில் ஒருவருடைய இடது கை இருக்கிறது என்று தெரிந்தது.

ஆனால் அந்தத் துப்பாக்கி கறுப்பு மருந்துக்காரனா, கார்டைட்காரனா? அதற்குக் கேட்டலாக் போதாது. முத்திரையைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் குழலை விற்பதற்கு முன் அதிக மருந்து போட்டுச் சோதித்து முத்திரை அடிக்க வேண்டும் என்பது சட்டம். லண்டன் சோதனைச் சாலைக்காரர்களின் சாசனம் 1637-ஆம் வருடத்தது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் வந்தது. கிரீனர் என்ற துப்பாக்கித் தொழிலதிபர் 1881-இல் முதலில் வெளியிட்ட 'தி கன் அண்டு இட்ஸ் டெவலப்மெண்ட்' என்ற பெரிய புத்தகம் இன்றும் மறுபதிப்பில் கிடைக்கிறது. முத்திரைகளைப் பற்றி அதில் விவரமாக உண்டு. நான் நோட்டில் வரைந்து வந்திருந்த முத்திரை, கிரீடமும் குறுக்காக இரண்டு செங்கோலும். அது பர்மிங்காம் 1904 வரை போட்ட முத்திரை. புகையில்லா மருந்துக்குச் சோதித்த அடையாளம் எதுவும் நான் வரைந்ததில் இல்லை.

மறுநாள் காலேஜுக்கு மட்டம் போட்டு விட்டு (துறைத் தலைவர் மன்னிக்கவும்) முதல் பஸ்ஸில் போனேன். "சுடாதீங்க" என்றேன். அவருடைய மகன், என்னை விட ஏழெட்டு வயது மூத்தவர், "இவன் யாருங்ப்பா நமக்குச் சொல்றதுக்கு?" என்றார். அந்த வீட்டுத் திண்ணையில் நின்று எங்கள் வம்சத்தில் யாரும் 'கூடாது' என்று சொன்னதில்லை. கால் நடுங்கியது என்பதை மறைக்க மாட்டேன். பேசாமல் கேட்டலாக்கைப் பிரித்து அந்த இரண்டு வரியையும் விரலால் காட்டினேன். நான் சொன்னால் அது சின்னப் பையன் பேச்சு. அச்சில் இருந்தால் அது வேறு. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "சரி, கடைக்காரங்கிட்டக் காட்டிப் போடலாம்" என்றார்.

லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்கு எடுத்துப் போனார்கள். கடைக்காரர் குழலைக் கழற்றி அடிப்பாகத்தைப் பார்த்து விட்டு, "கறுப்பு மருந்து ரைபிள்ங்க. இந்தத் தோட்டாவை இதுல போட்டுப் போடாதீங்க" என்றாராம். நான் கூடப் போகவில்லை. அப்பாரு சொல்லித்தான் தெரியும்.

இதற்கு மேல் ஒரு சங்கடமான பின்கதையும் உண்டு. அந்த வீட்டில் பரம்பரையாகச் சொல்லி வந்தது, 1935 வாக்கில் வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் சீமையிலிருந்து புத்தம் புதிதாக வரவழைத்துப் பரிசாகக் கொடுத்தார் என்று. கேட்டலாக் அப்படிச் சொல்லவில்லை. 1898-இலேயே ரிக்பி கம்பெனி .450 கார்டைட் ரைபிளைக் கொண்டு வந்து விட்டது. என் கையில் இருக்கிற பட்டியலில் குதிரை வெளியே தெரிகிற பெரிய ரைபிளே இல்லை, எல்லாம் குதிரை உள்ளே மறைந்த மாடல்கள். முத்திரையோ 1904-க்கு முந்தியது. ஆக துரை கொடுத்தது தனக்கு வேண்டாத, குறைந்தது முப்பது வருடப் பழசு. 'லண்டன்' என்று பட்டையில் இருந்தாலும் குழல் சோதனை ஆனது பர்மிங்காமில். மேலே எழுதியிருப்பது விற்ற கடையின் ஊர், செய்த பட்டறை வேறு. இது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். இதைப் பெரியவரிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். தோட்டா விஷயம் உயிர் விஷயம், சொல்லித்தான் ஆக வேண்டும். இது பெருமை விஷயம். சொல்லவில்லை. அவர் மலர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்!

கேட்டலாக்கைத் தெய்வ வாக்காகவும் எடுத்துக் கொள்ளக் கூடாது. அது வியாபாரி எழுதியது. படங்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு பிளாக்கைச் செதுக்கி வைத்துக் கொண்டு வருடக் கணக்கில் அதையே அச்சடிப்பார்கள். மாடல் மாறியிருக்கும், படம் மாறியிருக்காது. பெயர் சூட்டுவதிலும் வித்தை உண்டு. '.275 ரிக்பி' என்று இங்கிலீஷ் பெயரில் விற்றது எது தெரியுமா? ஜெர்மன்காரனின் 7 மி.மீ. மவுசர் தோட்டா. ஏழை 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள், குட்டு வெளிப்படும். 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகத் தந்த ரைபிளும் அந்த .275 ரிக்பிதான்.

கேட்டலாக் 'என்ன விற்பனைக்கு இருந்தது' என்று மட்டும் சொல்லும். 'இந்தக் குறிப்பிட்ட சாமான் எங்கே போனது' என்று கேட்டால் கம்பெனியின் பேரேடுதான் பதில் சொல்லும். 1914 ஆகஸ்டில் கல்கத்தா ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளை வங்காளப் புரட்சிக்காரர்கள் சாமர்த்தியமாகக் கடத்திக் கொண்டு போனார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தொடர் எண் உண்டு. பின்னால் எங்கே ஒன்று பிடிபட்டாலும் 'இது ரோடா சரக்கு' என்று அடையாளம் காண அந்த எண்தான் உதவியது.

நம்ம பக்கத்துக்கே வாருங்கள். கென்னத் ஆண்டர்சன் (1910–1974) என்ற வேட்டைக்காரர் திம்பம், தாளவாடி, சத்தியமங்கலம் காடுகளைப் பற்றி எழுதிய புத்தகங்களைச் சிலர் படித்திருப்பீர்கள். அவர் கையில் எப்போதும் .405 வின்செஸ்டர். அது 1895 மாடல் அமெரிக்கத் துப்பாக்கி; .405 தோட்டா அதற்கு வந்தது 1904-இல். ஆண்டர்சன் சுற்றிய அந்தக் காடு 2013 முதல் புலிகள் காப்பகம். புலியைச் சுடத் துப்பாக்கி விற்ற விலைப்பட்டியலை இன்று நாம் வரலாறாகப் படிக்கிறோம். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. துப்பாக்கி மறுபடி காட்டுக்குள் போக வேண்டும் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

அந்தக் கேட்டலாக்கில் என் கண்ணை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. 'இந்தியாவுக்கென்றே' என்று போட்டு எத்தனை சாமான்! தகரம் உள்ளே அடித்த பெட்டி, மடக்குக் கட்டில், எண்ணெய்க் குப்பி, காலுறை... விலை பவுண்டில். அன்றைய மாற்று 15 ரூபாய்க்கு ஒரு பவுண்டு. ஐம்பது பவுண்டு ரைபிள் என்றால் 750 ரூபாய். எல்லாம் இருக்கிறது. தகரம் தட்டியவன் எங்கும் இல்லை. அப்பாருவிடம் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். எழுத்து தெரியாவிட்டாலும் படங்களை உன்னிப்பாகப் பார்த்தார். ஒரு படத்தில் விரலை வைத்து, "இந்தத் தோல் பை எந்தோள்ல தொங்குனதுடா. தோட்டா பூரா இதுலதான். கனம் இழுத்துப் போடும்" என்றார். அந்தப் பக்க ஓரத்தில் அதைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன், தேதி போட்டு. கேட்டலாக்கில் விட்டுப் போனதை நாம்தானே சேர்க்க வேண்டும்?

துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் சிலர் கேட்கலாம். நீங்கள் போடும் பி.எஸ்.டபிள்யூ. மரை யார் பெயர்? 1841-இல் மரைக்கு ஒரே அளவு சொன்ன விட்வொர்த். அவரே 1850-களில் அறுகோணத் துளை வைத்த துப்பாக்கி செய்தவர். கேட்டலாக்கில் 'விட்வொர்த் எஃகுக் குழல்' என்றால் கூடுதல் விலை. வளைந்த மரக்கட்டையைத் தானே கடைகிற நகல் லேத், பிளான்சார்ட் என்பவர் 1819-இல் அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டை கடைய உருவாக்கியது. பி.எஸ்.ஏ. சைக்கிளில் காலேஜ் வருகிறவரே, அந்த மூன்று எழுத்து 1861-இல் ஏற்பட்ட பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கிக் கம்பெனி! புல்லட் ஓட்டுகிறவரே, என்ஃபீல்டு என்பது பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். ஒரு பார்ட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம் என்ற நம் தொழிலின் மூல மந்திரமே பெரும்பாலும் துப்பாக்கிப் பட்டறையில் பிறந்து வளர்ந்ததுதான்.

ஆனால் என் அக்கறை துப்பாக்கியோடு முடியவில்லை. கோயம்புத்தூர் என்ன ஊர்? 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்த ஊர். 1937-இல் ஜி.டி.நாயுடு அவர்கள் மோட்டார் செய்து காட்டிய ஊர். பம்பு, மோட்டார், கிரைண்டர், நூற்பு இயந்திரம் என்று செய்து தள்ளிய ஊர். ஒவ்வொரு கம்பெனியும் கேட்டலாக் போட்டிருக்கிறது. அவை எல்லாம் எங்கே? மூடிய பட்டறைகளோடு சேர்ந்து எடைக்குப் போய் விட்டன. நூலகங்களில் அதைப் புத்தகமாகவே சேர்ப்பதில்லை, அது விளம்பரமாம். சீமைத் துப்பாக்கியின் 1912-ஆம் வருட விவரம் எனக்குக் கிடைக்கிறது. ஆவாரம்பாளையத்தில் எங்கள் அப்பா வேலைக்குச் சேர்ந்த போது ஓட்டிய லேத்தின் விவரம் கிடைக்கவில்லை. மெஷின் யார் செய்தது, எந்த வருடம், ஸ்பிண்டில் வேகம் எத்தனை, எதுவும் இல்லை. ஒரு கியர் உடைந்தால் பல்லை எண்ணி, குத்துமதிப்பாக அளந்து, அப்பா மாதிரி ஆட்கள் அனுபவத்தில் ஓட்டுகிறார்கள். கேட்டலாக் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

இதைப் பேராசிரியர்களிடம் சொன்ன போது ஒருவர், "இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல வருது தம்பி" என்றார். வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. சீமைக் கேட்டலாக்குகளை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால் அது கம்ப்யூட்டருக்குள் போனது. நம்முடையதை யார் வைத்திருக்கிறார்கள், உள்ளே போவதற்கு?

ஆகவே மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை ஒன்று. ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்யும் போது, 'பழைய கம்பெனி புக்' என்று கட்டிப் போடுகிற வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் துறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று முதல் பக்கத்தில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா வேண்டாம்.

துறை நூலகத்தில் கடைசி பீரோவின் அடித்தட்டைக் கெஞ்சி வாங்கியிருக்கிறோம். இதுவரை ஏழு சேர்ந்திருக்கிறது. நான்கு பம்பு செட், ஒரு ஆயில் எஞ்சின், ஒரு ஸ்பின்னிங் உதிரிபாகப் பட்டியல், பிறகு அட்டையில்லாத அந்தத் துப்பாக்கிப் புத்தகம். உங்கள் வீட்டுப் பரணில், அப்பா வேலை செய்கிற பட்டறையில், மாமாவின் ஹார்டுவேர் கடையில் கிடந்தால் கொண்டு வாருங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எண்ணெய்க்கறை இருந்தாலும் பரவாயில்லை. மத்தியானம் சாப்பாட்டு மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன்.

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை